மலைக் கணக்கு

எங்கள் ஊரில் மலை கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை இறால் வறுவல் சாப்பிட பழவேற்காடு வந்தவர்களுக்குத் தெரியும். ஏரி, மணல், குப்பம், அப்புறம் கடல். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே தியானம் செய்யும். உயரமான இடம் என்று பார்த்தால் இரண்டே இரண்டு. ஒன்று கலங்கரை விளக்கம். இன்னொன்று ஏரியின் மேலே போகும் பாலம். அந்தப் பாலத்தில் சைக்கிளை மிதித்து ஏறும்போது லேசாக மூச்சு வாங்கினால் போதும், எதிரே வருகிறவர், "இன்னாபா, திருப்பதிக்கா?" என்று விசாரிப்பார்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் மவுன்ட்டன் பைக் பந்தயத்தின் வெறி பிடித்த ரசிகன்.

சிரிக்காதீர்கள். மவுன்ட்டன் பைக் என்றால் மோட்டார் சைக்கிள் இல்லை (எங்கள் அம்மா இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்). வெறும் சைக்கிள்தான். தடி டயர். தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு பணக்காரப் பையன் 'ரேஞ்சர்' சைக்கிள் வைத்துக்கொண்டு நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டானே, அந்த ஜாதி. விலைதான் கொஞ்சம் அதிகம். உலகக் கோப்பையில் ஓட்டுகிற ஒரு சைக்கிள் விலைக்கு எங்கள் குப்பத்தில் ஃபைபர் படகு வாங்கி, இன்ஜின் மாட்டி, மிச்சத்தில் வலையும் வாங்கிவிடலாம்.

இது ஆரம்பித்த கதை வேடிக்கையானது. 1970-களில் கலிஃபோர்னியாவில், டமால்பயஸ் என்ற மலைப்பக்கம் சில வேலையற்ற இளைஞர்கள் (அங்கேயும் உண்டு) பழைய தடி டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண்பாதையில் உருட்டிவிட்டு இறங்கினார்கள். அந்தச் சைக்கிளுக்குப் பின் சக்கரத்துக்குள்தான் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் கிரீஸ் எல்லாம் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். 1976-ல் அதில் முறையாகப் பந்தயம் வைத்தார்கள். 1990-ல் அமெரிக்காவின் துராங்கோவில் உலக சாம்பியன்ஷிப், 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். வேலையற்றவர்கள் ஆரம்பிக்கிற காரியத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள் என்று என் அம்மாவிடம் அடிக்கடி சொல்கிறேன். காதில் போட்டுக்கொள்வதில்லை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2016-ல். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே சைக்கிள், பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். அதில்தான் பொன்னேரிக்குப் போய் பி.காம் முடித்தேன். 2016-ல் ஜியோ சிம் வந்தது. வரிசையில் நின்று வாங்கினோம். ஓசி நெட். ஊரே சினிமா பார்த்துக்கொண்டிருக்க, நான் எதையோ தேடப்போய், மழையில் ஒருத்தன் சைக்கிளோடு மலையிலிருந்து விழுகிற காட்சியில் மாட்டிக்கொண்டேன். விழவில்லை, இறங்குகிறான்! 2011-ல் சுவிட்சர்லாந்தில் ஷாம்பெரி என்கிற ஊரில் நடந்த உலக சாம்பியன்ஷிப். டேனி ஹார்ட் என்று ஓர் ஆங்கிலேயப் பையன், அப்போது வயது இருபதுக்குள். பாதையெல்லாம் சேறு. மற்றவர்களெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்த இடத்தில் இவன் வழுக்கலையே வாகனமாக்கிக்கொண்டு இறங்குகிறான். பத்தில் ஒரு பங்கு செகண்டில் வெற்றி தோல்வி தீர்மானமாகிற ஆட்டத்தில், இரண்டாவது ஆளைவிடப் பதினோரு செகண்டுக்கு மேல் முன்னே! அந்த நாலு நிமிஷத்தை அன்று ராத்திரி இருபது தடவையாவது பார்த்திருப்பேன். போன் சூடாகி, நானும் சூடாகி...

அப்போதெல்லாம் ரெட் புல் டி.வி.யில் உலகக் கோப்பைப் பந்தயங்களை உலகம் பூராவும் இலவசமாகக் காட்டுவார்கள். 2022 வரைக்கும் அந்தப் புண்ணியம் நடந்தது. வலை பின்னுகிற திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமையும் ஆஸ்திரியாவின் லியோகாங்கையும் பார்த்தேன்.

இதில் ரகம் பல. முக்கியமாக இரண்டு. டவுன்ஹில் என்றால் மலையுச்சியிலிருந்து ஒவ்வொருவராக இறங்க வேண்டும். மூன்று நிமிஷம், நாலு நிமிஷம், அவ்வளவுதான். கடிகாரம்தான் எதிரி. கிராஸ் கன்ட்ரி என்றால் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, ஏற்றம், இறக்கம், பாறை, வேர், சேறு என்று ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொள்வது. ஒலிம்பிக்ஸில் இது மட்டும்தான்.

பார்க்கப் பார்க்க, என் கண் ஓட்டுகிறவர்களை விட்டுவிட்டு ஓரமாக நிற்கிறவர்கள் மேல் போக ஆரம்பித்தது. ரசிகர்கள்! மழையில், சேற்றில், மலைமேல் நடந்தே ஏறி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். மாட்டுக் கழுத்து மணியை ஆட்டுகிறார்கள். மரம் அறுக்கிற மெஷினில் அறுக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு வெறும் இன்ஜினை முறுக்கி 'விர்ர்ர்ர்' என்று சத்தம் கிளப்புகிறார்கள். மைக் செட்காரர் தோற்றார். பந்தயத்துக்கு நடுவில் கீழே இறங்கிவந்தால் டீம் கூடாரங்கள். உலக சாம்பியனின் சைக்கிளை மெக்கானிக் கழுவிக்கொண்டிருப்பார், நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். சேப்பாக்கத்தில் தோனி பக்கத்தில் போய் "பேட்டைக் கொஞ்சம் காட்டுங்க ஸார்" என்று கேட்க முடியுமா? போலீஸ் மாமா நம் முதுகைக் காட்டச் சொல்லுவார்.

அங்கே போய் நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"சைக்கிள் ஓட்டவா?" என்றான் அண்ணன். அண்ணன் ஏரியில் இறால் பிடிக்கிறவன். என்னைவிட ஆறு வயது பெரியவன். அவன் வலை வீசிய காசில்தான் நான் பி.காம்.

"இல்லண்ணா. ஓட்டறத பாக்க."

"அத்த போன்ல பாத்துக்கினுதானே கீற?"

"நேர்ல."

"நேர்ல நின்னா எவ்ளோ நேரம் தெரியும்?"

உண்மையைச் சொன்னேன். டவுன்ஹில் என்றால் ஒருத்தன் நம் எதிரே நாலு செகண்ட் தெரிவான். அப்புறம் அடுத்தவன்.

அண்ணன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். "நாலு செகண்டுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டா?"

இதைச் சொல்ல எங்கள் ஊர்க்காரனுக்குத் தகுதி கிடையாது. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. தொழில் போச்சே என்று புலம்பிக்கொண்டே மொத்தக் குப்பமும் கரையில் நிற்கும். அண்ணன் உள்பட! 2023 ஜூலை 14-ம் தேதி சந்திரயான்-3 போனதை மத்தியானம் 2.35-க்கு மொட்டை வெயிலில் நின்று பார்த்தான். மேகத்துக்குள் போகிற வரைக்கும் எத்தனை நேரம் தெரிந்தது? அதற்குப் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள் உண்டு. 2019-லிருந்து ஸ்ரீஹரிகோட்டாவில் அவர்களுக்கென்று காலரியே கட்டி வைத்திருக்கிறார்கள். நாம் ராக்கெட்டைத் திண்ணையிலிருந்து பார்த்துப் பழகிவிட்டதால், பயணம் செய்து வேடிக்கை பார்க்கிறவன் நமக்குக் கிறுக்கனாகத் தெரிகிறான்.

இந்தப் பாயின்ட்டை எடுத்து வைத்தேன். அண்ணன் யோசித்துவிட்டு, "ராக்கெட்டு மேல போவுது. இவன் கீழதானே வரான்?" என்றான். இந்த வாதத்துக்கு பி.காமில் பதில் கிடையாது.

2018-ல் இதற்கென்று தனியாகப் பணம் சேர்க்க ஆரம்பித்தேன். மாசம் 1,500. பத்திரிகையில் காசு வந்த மாசம் போடுவேன், வராத மாசம் மன்னிப்பு. காமர்ஸ் படித்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' தெரிந்திருக்கும். எதற்கு என்று சொல்ல முடியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கிற கணக்கு. அந்தப் பெயரிலேயே நோட்டுப் போட்டேன். வீட்டில் இருப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மலைக்காசு'.

ஆபீஸ் போகிற நண்பர்கள் இதெல்லாம் கொடுத்துவைத்தவன் பேச்சு என்பீர்கள். உங்கள் மானேஜரிடம், "ஸார், சைக்கிள் ரேஸ் பார்க்க சுவிட்சர்லாந்து போகிறேன், பதினைந்து நாள் லீவ்" என்று எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும்? எனக்கு லீவ் கேட்கிற பிரச்னை இல்லை. லீவ் தருகிற கம்பெனியே இல்லை என்பதுதான் பிரச்னை. ஷெங்கன் விசாவுக்குச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஆறு மாச பாங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், முப்பதாயிரம் யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்வார்கள். நான் ஊருக்குத் திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் வேறு கேட்பார்கள். என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அம்மா. அவளை எந்த காலத்தில் ஒட்டுவது?

இப்படி இருக்கும்போது, நான் வெளிநாடு போவதற்கு முன்னால் வெளிநாடு என்னைப் பார்க்க வந்துவிட்டது.

2023 அக்டோபர் 26 முதல் 29 வரை, ஆசிய மவுன்ட்டன் பைக் சாம்பியன்ஷிப் கேரளாவில் நடக்கிறது என்று செய்தி. 28-ஆவது போட்டி. இடம் பொன்முடி, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மலை. இதில் முதலில் வருகிற நாட்டுக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நேரடி இடம். இமயமலைப் பக்கம் சிம்லாவில் 2005-லிருந்தே ஒரு மவுன்ட்டன் பைக் பந்தயம் நடத்துகிறார்கள்தான். ஆனால் சிம்லா எங்கே, நான் எங்கே? பொன்முடி என்றால் சென்ட்ரலில் ஏறினால் மறுநாள் காலையில் திருவனந்தபுரம்.

அம்மா தடுத்தாள். "தனியா மலைக்கா? மலைன்னா சரிஞ்சிடும்டா!"

ஒரு பிள்ளையை இருபது வருஷமாக விடிகாலை மூன்று மணிக்கு இருட்டில் படகில் அனுப்பிவைக்கிற அம்மாவுக்கு மலை என்றால் பயம்! கடைசியில் ஒரு சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. அண்ணனும் கூட வருவது.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று உரிமையுள்ள ஊர்களுக்குள் இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இறால் நன்றாகப் படுகிற இடம் ஒருத்தனுக்கே போய்விடக் கூடாதல்லவா? ஐப்பசி மழையில் ஏரி கலங்கி இறால் வருகிற நேரத்தில், தன் பாட்டு நாளை விட்டுவிட்டு அண்ணன் என்னோடு ரயிலேறினான். அந்த நாளின் வருமானம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நோட்டில் எழுத வேண்டியிருக்கும்.

தம்பானூரில் பஸ் ஏறினோம். நெடுமங்காடு, விதுரா வரைக்கும் எல்லாம் சுகம். கல்லாறு தாண்டியதும் ஆரம்பித்தது. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பஸ் இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. ஏழாவது வளைவில் அண்ணன் முகம் வாழைத்தண்டு நிறத்துக்கு வந்தது. பதினொன்றில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். வாடைக் காற்றில் ஆளுயர அலைமேல் நின்றுகொண்டு வெற்றிலை போடுகிற மனுஷன்!

"கடல்ல ஆடாத வயிறுடா இது" என்றான், வாயைத் துடைத்துக்கொண்டு. "கடலு ஆடினா சொல்லிட்டு ஆடும். இந்த டிரைவர் சொல்லவே இல்ல."

மேலே பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள்ளே கயிறு கட்டிய பாதை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் யாரோ மலையாளத்திலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். சீனா, ஜப்பான், கஜகஸ்தான் என்று முதுகில் எழுதியவர்கள் எங்கள் தோளை உரசிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போனார்கள். நிஜமாகவே! போனில் கட்டைவிரல் அளவில் பார்த்ததெல்லாம் ஆளுயரத்தில், வேர்வை வாடையோடு, மூச்சுச் சத்தத்தோடு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்ணன் குனிந்து என் காலைப் பார்த்து, "ரத்தம் வருது பாரு" என்றான்.

அட்டை. இரண்டு காலிலும் ஏழெட்டு. நான் குதிக்க ஆரம்பித்தேன். அண்ணன் நிதானமாகப் பையைத் திறந்தான். அண்ணி கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலம். அதில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டி அட்டை மேல் தூவினான். சுருண்டு விழுந்தன. பக்கத்தில் நின்ற இரண்டு மலையாள இளைஞர்களும் காலை நீட்டினார்கள். பழவேற்காட்டு உப்பு அன்று பொன்முடியில் நாலு பேரைக் காப்பாற்றியது.

பந்தயம் ஆரம்பமானது. நாங்கள் நின்றது ஓர் இறக்கம். நடுவில் ஒரு பாறை, அதைச் சுற்றிச் சேறு. முதல் சுற்றில் வந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பாறையில் இடித்துத் தடுமாறினார்கள். அண்ணன் இரண்டு நிமிஷம் பேசாமல் பார்த்தான். மூன்றாவது நிமிஷம் ஆரம்பித்துவிட்டான்.

"இவன் விழுவான்." விழுந்தான்.

"இவன் போய்டுவான்." போய்விட்டான்.

"எப்படிண்ணா சொல்ற?"

"மூஞ்சப் பாரு. விழறவன் பாறையப் பாக்கறான். போறவன் பாறைக்கு அந்தாண்ட பாக்கறான். முகத்துவாரத்துல சுழி கீதுல்ல, அத்தையே பாத்துக்கினு படகு வுட்டா அதுலதான் போய் நிப்ப."

மவுன்ட்டன் பைக் பழக்குகிற எந்த ஆசிரியரும் முதல் பாடமாக இதைத்தான் சொல்வார். போக வேண்டிய இடத்தைப் பார், இடிக்கப்போகிற இடத்தைப் பார்க்காதே. ஏழு வருஷமாகப் பந்தயம் பார்த்து நான் படித்துத் தெரிந்துகொண்டதை அண்ணன் மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். எரிச்சலாக இருந்தது.

சீனாக்காரர்கள்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். அதைப்பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அவர்கள் வந்த வேகத்தில் எங்களுக்கு முகமே சரியாகத் தெரியவில்லை. எனக்கு நினைவிருப்பது வேறு.

கடைசியில் ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். உடம்பு பூராவும் சேறு, முழங்காலில் ரத்தம், ஆனாலும் விடாமல் மிதிக்கிறான். எங்களுக்குக் கொஞ்சம் கீழே ஒரு அதிகாரி கையை நீட்டி அவனை ஓரம் கட்டினார். பையன் சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்தான்.

"ஏன் நிறுத்திட்டாங்க?" என்றான் அண்ணன்.

விதியைச் சொன்னேன். எண்பது சதவீத விதி. முதல் ஆள் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டால், அவனைவிட எட்டு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கிவிட்டவனை நிறுத்திவிடுவார்கள். பாதை குறுகல். முன்னால் போகிறவன் சுற்றி வந்து இவன் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது. ரிசல்ட்டில் பெயர் இருக்கும். பக்கத்தில் 'இத்தனை சுற்று பாக்கி' என்று போட்டிருப்பார்கள்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது இன்னாடா நியாயம்? ஏரியில பாடு வந்திச்சின்னா, மீனு பட்டாலும் படாட்டாலும் அன்னிக்கு அது அவன் நாளு. 'உனக்குத்தான் ஒண்ணும் படலியே, எழுந்து போ'ன்னு எவனும் சொல்ல மாட்டான். ஊருவுட்டு ஊரு வந்திருக்கான். முடிச்சிட்டுப் போவட்டுமே!"

"பின்னாடி வர்றவனுக்கு இடைஞ்சல்ண்ணா."

"இடைஞ்சல்னா கொஞ்சம் ஒதுங்கி வழி வுடுவான். வுட மாட்டானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். பையிலிருந்து கடலை உருண்டையை எடுத்துக் கொடுத்தான். பையனுக்குத் தமிழ் தெரியாது. அண்ணனுக்கு அதைத் தவிர வேறு தெரியாது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் கணக்கு எழுதினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 6,840 ரூபாய். மலைக்காசில் பாக்கி 85,160. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் எவ்ளோ வேணும்?" என்று மட்டும் கேட்டான். நான் பந்தயம் பார்க்கப் போவதைப் பற்றி அவன் கிண்டல் இல்லாமல் கேட்ட முதல் கேள்வி.

அது அக்டோபர் கடைசி. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல்.

சென்னை தத்தளித்த கதையை எல்லோரும் பார்த்தீர்கள். எங்கள் பக்கம் காற்றும் தண்ணீரும் சேர்ந்து வந்தன. கட்டிவைத்த படகுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அண்ணன் படகில் பக்கவாட்டில் கை நுழைகிற மாதிரி ஓட்டை. இன்ஜின் தண்ணீருக்குள். வலையில் முக்கால்வாசி எங்கே போனதென்றே தெரியவில்லை. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, செயினை அடகு வைக்கப்போகிறார் என்று சொன்னாள்.

நான் பாங்கிலிருந்து அறுபதாயிரம் எடுத்துக்கொண்டு போனேன்.

"அது மலைக்காசுடா. அத்த தொடாத" என்றான். படகு ஓட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடன்னு எழுதிக்கறேன். வட்டி வேணா போட்டுக்கோ."

"எழுது."

எழுதினேன். சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் முதல் தடவையாக ஒரு பெயர் ஏறியது. பாக்கி 25,160.

2024 ஜூலை 29-ம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்ஸ் பந்தயத்தைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் போனில் பார்த்தோம். அந்தப் பந்தயம் நடந்த எலன்கூர் மலை உண்மையில் பழைய குப்பை மேடு. கல் வெட்டிய பள்ளத்தில் குப்பையைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது, 231 மீட்டர். ("அப்ப நம்ம கொடுங்கையூர்லயும் வைக்கலாம்" என்றான் அண்ணன்.) டாம் பிட்காக் என்ற ஆங்கிலேயர் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது டயர் பஞ்சர். மாற்றிக்கொண்டு வருவதற்குள் அரை நிமிஷத்துக்கு மேல் போய்விட்டது. அவ்வளவுதான் என்று நான் கையை விரித்தேன். "இரு. வலை கிழிஞ்சவன் கரைக்கு வந்துட்டான்னு அர்த்தமா?" என்றான் அண்ணன். பிட்காக் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். கடைசிச் சுற்றில் பிரெஞ்சுக்காரர் கொரெட்ஸ்கியை மரத்துக்கு அந்தப் பக்கமாக நுழைந்து முந்தித் தங்கம் வாங்கினார். பிரெஞ்சு ரசிகர்கள் 'ஊ' போட்டார்கள். அண்ணன் போட்ட விசிலில் அம்மா வெளியே வந்துவிட்டாள்.

ஆனால் என் ஆள் பிட்காக் இல்லை. நீனோ ஷுர்ட்டர். சுவிஸ்காரர். பத்து தடவை உலக சாம்பியன். 2008-ல் பெய்ஜிங்கில் வெண்கலம், 2012-ல் லண்டனில் வெள்ளி, 2016-ல் ரியோவில் தங்கம். லண்டனில் ஒன்றரை மணி நேரம் மிதித்து ஒரே ஒரு செகண்டில் தங்கத்தை விட்டவர். விட்டுவிட்டு நாலு வருஷம் கழித்து, அதே செக் நாட்டுக்காரர் குல்ஹாவியைப் பின்னால் தள்ளி வாங்கினார். நான் சேர்த்ததெல்லாம் அவரை ஒரு தடவை நேரில் பார்க்க. 2025-ல் அறிவித்தார். செப்டம்பரில் தன் சொந்த மாநிலத்திலேயே, லென்ஸர்ஹைடெயில் நடக்கிற உலகக் கோப்பைதான் கடைசிப் பந்தயம். வயது முப்பத்தொன்பது.

நோட்டைப் பார்த்தேன். அண்ணன் ஆயிரம், இரண்டாயிரம் என்று கொடுத்துக்கொண்டுதான் வந்தான். ஆனாலும் முப்பத்தேழாயிரம் பாக்கி. டிக்கெட், விசாவுக்கு 90 யூரோ, இன்ஷூரன்ஸ், அந்த ஊரில் ஒரு நாள் ரூம் வாடகை... எப்படிக் கூட்டினாலும் இடித்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் செயினுக்குப் போவான்.

செப்டம்பர் வந்தது, போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏதோ ஒரு கடைக்காரரின் ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாகப் பந்தயத்தைப் போனில்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் வந்தான். நல்ல பாடு பட்டிருந்தது போல. கசங்கிய நோட்டுக்களாக மொத்தப் பாக்கியையும் எண்ணி வைத்தான். நான் நோட்டில் வரவு வைத்துக் கோடு போட்டேன்.

"அந்த சுவிட்சர்லாந்துக்காரன் இன்னும் ஓட்டறானா?" என்று கேட்டான்.

"இல்லண்ணா. போன மாசத்தோட நிறுத்திட்டான்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, கோட்டுக்கு மேலே இருந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவனுக்கு என் கையெழுத்து புரியாது. எழுந்து போய்விட்டான்.

பத்து நாள் கழித்துப் பொன்னேரியிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். நெட் சென்டர் வைத்திருக்கிறவர். "உங்க அண்ணன் இங்க உக்காந்திருக்காரு. பாஸ்போர்ட் அப்ளை பண்ணணுமாம். ஆதார்ல பொறந்த தேதி வேற, டி.சி.யில வேற. என்ன பண்றது?"

திருத்த ஒரு மாசம் அலைந்தோம். 1,500 ரூபாய் கட்டினோம். போலீஸ் விசாரணைக்கு வந்தவர், மீனவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த நாட்டுக்கு? வேலைக்கா?" என்றார்.

"வேலைக்கு இல்ல ஸார். மலையில சைக்கிள் வுடுவாங்க. தம்பி பாக்கணும்றான். தனியா அனுப்ப அம்மா வுடாது."

இப்போது செலவு இரண்டு பேருக்கு. மாசம் நான் 1,500 போடுகிறேன். அண்ணன் பாடு நன்றாகப் பட்ட நாளில் கொண்டுவந்து தருகிறான். எந்த மலை என்று இன்னும் முடிவாகவில்லை. ஐரோப்பாவில் பந்தயமெல்லாம் மே மாசத்திலிருந்து செப்டம்பர், அக்டோபருக்குள். ஐப்பசி இறாலுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அண்ணனின் ஒரே நிபந்தனை.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்.

"அங்கியும் அட்டை இருக்குமாடா? உப்பு எடுத்துக்கணுமா?"